பெட்டிக்கு என்ன மரம்?

செட்டிநாட்டில் மரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அது பர்மாத் தேக்கில் போய்த்தான் நிற்கும். கானாடுகாத்தானுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் தூணைத் தட்டிப் பார்க்கிறார்கள், நிலைக்கதவைப் படம் எடுக்கிறார்கள், எத்தனை வருஷத்து மரம் என்று கேட்கிறார்கள். நூறைத் தாண்டியது என்று சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். ஐராவதி ஆற்றில் மிதந்து ரங்கூன் சேர்ந்து, அங்கிருந்து கப்பலேறி வந்த மரம். 1942இல் ஜப்பான்காரர்கள் ரங்கூனைப் பிடித்ததோடு அந்த வரத்து நின்றது. வந்து சேர்ந்த மரம் இன்னும் நிற்கிறது. மரம் என்றால் நிலைத்து நிற்க வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு.

அந்தக் கணக்குக்குள் வராத மரங்களைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். காரைக்குடியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்ன அறுவை மில் உண்டு. கல்யாணக் கட்டிலுக்கும் புது வீட்டு நிலைக்கும் அறுக்கிற அதே ரம்பத்தில்தான் சவப்பெட்டிக்கும் பலகை அறுக்கிறோம். அப்பா காலத்தில் இதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. நிலைக்கு அறுக்கும் நாளில் பெட்டிப் பலகை அறுக்கக் கூடாது. தவிர்க்க முடியாமல் வந்தால் சாயங்காலம், நிலைக்காரர் கிளம்பிப் போன பிறகு. ஏன் என்று கேட்டால், "ரம்பத்துக்குத் தெரியாதுடா, ஆளுக்குத் தெரியும்ல" என்பார். இப்போதும் பெட்டிப் பலகை அடுக்கியிருக்கும் மூலையில் ஒரு தார்ப்பாய் மூடிக் கிடக்கும். வாடிக்கைக்காரர்கள் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை.

பெட்டி தேவைப்படுகிறவர்கள் இங்கே கொஞ்சப் பேர்தான். இந்து வீட்டுச் சாவுக்குப் பச்சை மூங்கிலும் தென்னங்கீற்றும் பாடையாகிவிடும். தேக்கு மாளிகையில் வாழ்ந்தவரும் மூங்கிலில்தான் போகிறார். முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசலில் சந்தூக் என்ற பொதுப் பெட்டி இருக்கும். அது ஒவ்வொருவராகச் சுமந்துவிட்டுத் திரும்பி வந்துவிடும், கபன் துணியோடு உடல் மட்டும் மண்ணுக்குள் இறங்கும். எங்களைப்போன்ற கத்தோலிக்கர்களிலும் முன்பு அப்படித்தான் இருந்தது என்று அப்பத்தா சொல்வார். கோயிலில் பொதுவாக ஒரு தூம்பா, அதாவது சுமந்து போகிற பெட்டி, கிடக்கும். இல்லாதப்பட்ட வீட்டுச் சாவென்றால் அதில் கொண்டுபோய், பாயில் சுற்றிய உடலைக் குழியில் இறக்கிவிட்டு, தூம்பாவைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு பெட்டி என்பது கையில் காசு புழங்கிய பிறகு வந்த வழக்கம். இன்றைக்குக் காரைக்குடி, தேவகோட்டை, சருகணி என்று கிறிஸ்தவர்கள் இருக்கும் ஊர்களில் பெட்டி இல்லாமல் அடக்கம் நடப்பதை நான் பார்த்ததில்லை.

எங்களிடம் பலகை எடுக்கும் பெட்டி ஆசாரி ஒருவர் இருக்கிறார். கட்டில், பீரோ வேலை பழகி, பிறகு இதற்குத் திரும்பியவர். கடைக்குப் போர்டு கிடையாது. மற்ற ஆசாரிகள் மில்லுக்கு வந்தால் வைரம் பாய்ந்த மரமா, வெள்ளை எவ்வளவு, கணு எங்கே என்று பார்ப்பார்கள். இவர் பலகையின் ஒரு முனையைத் தூக்கிப் பார்ப்பார். கனம்தான் முதல் கேள்வி. அடுத்தது, விளிம்பில் ஆணி அடித்தால் பிளக்குமா. மூன்றாவது, இழைத்துப் பாலிஷ் போட்டால் நாலு பேர் பார்க்க நன்றாக இருக்குமா. எத்தனை வருஷம் தாங்கும் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. மரத்தொழிலில் அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஆள் அவர்தான். நான் சின்ன வயதில் அதை அலட்சியம் என்று நினைத்தேன். அது தேர்ந்த தச்சனின் தீர்மானம் என்று இப்போது நினைக்கிறேன்.

கனத்தை அவர் இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றேகால் அடி ஆழம் என்று வைத்துக்கொண்டால், அடியும் மூடியும் பக்கங்களும் சேர்ந்து 44 சதுர அடிப் பலகை வரும். முக்கால் இஞ்ச் கனத்தில் அது 2.75 கன அடி. காய்ந்த தேக்கு கன அடிக்குப் பதினெட்டு, பத்தொன்பது கிலோ நிற்கும். ஆக வெறும் பெட்டியே 50 கிலோ. வேம்பு என்றால் இன்னும் நாலைந்து கிலோ ஏறும். இலவு என்றால் 30க்குள் முடிந்துவிடும். உள்ளே படுத்திருப்பவர் 70 கிலோ என்றால், ஆறு பேர் தூக்கும்போது தேக்கில் தலைக்கு 20 கிலோ, இலவில் பதினாறு, பதினேழு. மூணு, நாலு கிலோதானே வித்தியாசம் என்று தோன்றும். காகிதத்தில் ஆறு பேரும் ஒரே உயரம். கண்மாய்க்கரையில் அப்படி இல்லை. உயரமானவன் தோளில்தான் பாதிப் பாரம் உட்காரும், குட்டையானவன் கையை மட்டும் கொடுத்துக்கொண்டு அழுதபடி வருவான்.

எங்கள் பக்கம் பெட்டி மரம் என்றால் முதலில் மாமரம். காய்ப்பு நின்ற மரம், மனை போடுவதற்காக வெட்டிய மரம், இடி விழுந்த மரம். இடி விழுந்ததை வீட்டு வேலைக்கு எடுக்க மாட்டார்கள். பெட்டிக்கு அந்த விசாரணை கிடையாது. மாம்பலகை இழைக்க லேசு, ஆணியை நன்றாக வாங்கும், விலையும் கைக்கு அடங்கும். அதற்கு உள்ள ஒரே வியாதி பூச்சி. அறுத்துப் போட்டுச் சில மாதத்தில் குண்டூசித் துளைகள் விழும். தட்டினால் முகப்பவுடர் போல மாவு கொட்டும். மரத்துக்குள் இருக்கும் மாவுச்சத்துக்குத்தான் அந்த வண்டு வருகிறது. போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் பலகையை ஊறப்போட்டால் அண்டாது. ஆனால் ஒரு பொழுது மண்ணுக்கு மேலே இருக்கப்போகிற பெட்டிக்கு அந்தச் செலவை யார் செய்வார்கள்? அதனால் ஆசாரி மாவில் பெட்டி செய்து இருப்பு வைப்பதில்லை. சாவு வீட்டிலிருந்து போன் வந்த பிறகுதான் மாம்பலகையைத் தொடுவார். இருப்பு வைக்கும் பெட்டியெல்லாம் வேறு மரம்.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் மாவும் பலாவும் தென்னையும் வேரோடு சாய்ந்தன. தோப்பை இழந்தவர்கள் விலை பேசவில்லை, இடத்தைக் காலி பண்ணிக் கொடுத்தால் போதும் என்றார்கள். லாரி லாரியாக மரம் வந்தது. பலாவைத் தச்சர்கள் விடவில்லை, அந்த மஞ்சள் பலகை கதவுக்கும் ஆகும், வீணைக்கும் ஆகும். தென்னைக்கு யாரும் வரவில்லை. மா மட்டும் மலையாகக் கிடந்தது. அடுத்த வருஷம் எங்கள் மில்லிலிருந்து போன பெட்டிப் பலகையில் பெரும்பகுதி அந்த மரம்தான். ஒரு குடும்பத்தைப் படிக்கவைத்து, கல்யாணம் கட்டிவைத்த மரங்கள் இப்படிப் போகின்றனவே என்று நான் கொஞ்சம் உருகிப் பேசினேன். ஆசாரி கேட்டுக்கொண்டே பலகையைத் தூக்கிப் பார்த்தார். "எல்லாம் சரி தம்பி, ஈரம் காயலையே. பச்சை மரம் தூக்குறவனைக் கொல்லும்."

இலவு போடிப் பக்கமிருந்து எப்போதாவது வரும். வெள்ளை வெளேரென்று, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிற மரம். தீக்குச்சிக்கும் சரக்குப் பெட்டி அடிக்கவும் போவது. அறுத்ததும் காயவைக்காவிட்டால் நீலம் பாய்ந்துவிடும். குழந்தைகளுக்கான பெட்டியை ஆசாரி இதில்தான் செய்வார். அந்த அளவில் ஒன்றைக்கூடச் செய்து வைத்துக்கொள்வதில்லை. ஒரு தடவை வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் சின்ன அளவில் மொத்தமாகக் கேட்டபோது, முடியாது என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

வேம்பும் பூவரசும் எங்கள் மில்லுக்கு வந்து பெட்டியாவது வேறு வழியில். அது சொந்த மரம். கொல்லையில் நின்றதை வெட்டி, 'அப்பா வச்ச மரம், அவருக்கே ஆகட்டும்' என்று டிராக்டரில் ஏற்றி வருவார்கள். பூவரசை ஏழைகளின் தேக்கு என்பார்கள், வண்டி வேலைக்கு ஆகிற உறுதியான மரம். ஆறடிக்கு நேரான பலகை அதில் கிடைப்பது அபூர்வம், முறுக்கிக்கொண்டு வளரும். வேம்பு நீளம் கிடைக்கும், ஆனால் பச்சையாக அறுத்தால் வெடிக்கும். சாவு விழுந்த அன்று மரத்தை வெட்டி அன்றே பெட்டி செய்யச் சொல்கிறவர்களிடம் ஆசாரி ஒரு வழி வைத்திருக்கிறார். சொந்த மரத்தில் மூடியை மட்டும் செய்வார், மற்றதெல்லாம் காய்ந்த பலகை. பார்க்கிற கண்ணுக்கு மூடிதானே தெரிகிறது. வீட்டுக்காரர்களுக்கும் மனம் ஆறிவிடுகிறது. இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்கிறார்.

புதுக்கோட்டைச் சாலையில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் தைல மரக்காடு. அவ்வளவு மரம் பக்கத்திலேயே இருந்தும் பெட்டிக்கு அது வருவதில்லை. காய்கிறபோது திருகும், ஓரத்தில் ஆணி அடித்தால் பிளந்துகொள்ளும். அது காகித ஆலைக்கே போகட்டும். நாகர்கோவில் பக்கத்திலிருந்து ரப்பர் பலகை வருகிறது, மருந்தில் ஊறவைத்தே வரும், பார்க்க லட்சணமாக இருக்கும். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக்கும் வரும். இரண்டும் பரவாயில்லை.

பத்து, பதினைந்து வருஷமாக அதிகம் புழங்குவது பேக்கிங் மரம். வெளிநாட்டு இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளையும் அவற்றுக்கு அடியில் வைக்கும் மரத்தட்டுகளையும் உடைத்து விற்கும் பைன் பலகை. வெளுத்த மஞ்சள், லேசான கனம், பிசின் வாசனை. கப்பலில் வரும் மரத்தோடு பூச்சி நாடு விட்டு நாடு போகக் கூடாது என்று ஒரு சர்வதேச விதி இருக்கிறது. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருக்க வேண்டும். அப்படிச் சூடேற்றிய பலகையில் கோதுமைக் கதிர் சின்னமும், நாட்டின் எழுத்தும், எச்.டி. என்ற குறியும் முத்திரையாக விழுந்திருக்கும். மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டதென்றால் எம்.பி. என்று இருக்கும். ஆசாரிக்கு இந்த எழுத்தெல்லாம் படிக்கத் தெரியாது, ஆனால் எம்.பி. முத்திரை எப்படி இருக்கும் என்று நான் காட்டிக் கொடுத்ததிலிருந்து அதை மட்டும் ஒதுக்கிவிடுகிறார். இழைக்கும் தூள் அவர் மூக்கில்தானே போகிறது. முத்திரை விழுந்த பக்கத்தை உள்முகமாகத் திருப்பி வெள்ளைத் துணி ஒட்டிவிடுவார். ஜெர்மனியிலிருந்தோ கொரியாவிலிருந்தோ கிளம்பிய பலகை, சருகணிக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சம்சாரியின் முதுகுக்கடியில் போய்ச் சேருகிறது.

பிளைவுட்டையும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்.பையும் பற்றி நீட்ட விருப்பமில்லை. மழை நாளில் ஊர்வலம் போனால் ஊதிப்போகும். அதன்மேல் மரக்கலர் தாள் ஒட்டி, தங்கநிறப் பிளாஸ்டிக் கைப்பிடி வைத்து, 'தேக்கு மாடல்' என்று விற்கிறார்கள். அந்தக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். அது ஜோடனைக்கு வைத்தது, தூக்குவதற்கு அல்ல.

தேக்குக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு பையன், அப்பா இறந்த செய்தி கேட்டு வந்திருந்தான். அப்பா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பையனுக்குத் தேக்குப் பெட்டிதான் வேண்டும். அதிலும் புதுத் தேக்கு அல்ல, செட்டிநாட்டு வீட்டுத் தேக்கு. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் கடைகள் இருப்பது ஊரறிந்தது. இடித்த வீடுகளின் தூணும் கதவும் உத்திரமும் அங்கே வரும். அலங்காரமானது அங்கேயே விலைபோகும், வேலைப்பாடில்லாத பலகைகளில் கொஞ்சம் எங்களைப்போன்ற மில்களுக்கு வரும். அப்போது எங்களிடம் மச்சுப் பலகை கிடந்தது. ஒன்றேகால் இஞ்ச் கனம், ஒரு கீறல் கிடையாது.

ஆசாரி அவனிடம் பதமாகச் சொல்லிப் பார்த்தார். "தம்பி, நல்ல பெட்டின்னா லேசான பெட்டி. தேக்குக் கலர் அடிச்சுத் தர்றேன், யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்ணே" என்றான் பையன்.

அதற்கு ஆசாரியிடம் பதில் இல்லை. சரி, முக்கால் இஞ்சுக்காவது இழைத்துத் தருகிறேன் என்றார். அதற்கும் அவன் ஒப்பவில்லை, பலகை அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டான். பழைய தேக்கில் வேலை செய்வது தனிப் பாடு. உள்ளே எங்காவது அந்தக் காலத்துச் சதுர ஆணி ஒடிந்து புதைந்திருக்கும், ரம்பத்தின் பல் போய்விடும். காந்தத்தை வைத்துத் தடவித் தடவித்தான் அறுத்தோம். ஆணி நேராக இறங்காது, துளை போட்டு ஸ்க்ரூ முடுக்க வேண்டியிருந்தது. ராத்திரி முழுக்க வேலை. இழைப்புளி ஓடிய இடத்தில் தேக்கு வாசனை கிளம்பியது, நூறு வருஷத்துக்கு முந்தைய மரம் என்று சொல்ல முடியாது. விடிந்தபோது அப்படி ஒரு பெட்டி. ஆசாரியே இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்தார். பெட்டி மட்டும் 85 கிலோவுக்குக் குறையாது. ஆறு பேர் எட்டு பேரானார்கள், கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் ஸ்டூல் போட்டு இறக்கினார்கள். குழியில் இறக்கும்போது கயிறு ஒரு பக்கம் வழுகி, கால்பக்கம் முதலில் போய் இடித்தது. கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

பின்னால் அந்தப் பையனின் அம்மாவும் இறந்தபோது அதே குழியைத் திறந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் இடம் ஏது? குடும்பத்துக்கு ஒரு குழி, முந்தியவரின் எலும்பை எடுத்துத் துணியில் கட்டி ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்தவரை இறக்குவதுதான் நடைமுறை. நானும் அங்கே நின்றேன். எங்கள் செம்மண்ணில் கறையானுக்குப் பஞ்சமே இல்லை. மாவையும் இலவையும் அது சீக்கிரமே மண்ணாக்கிவிடும். தேக்கு வைரத்தில் எண்ணெய்ப் பசை இருக்கிறது, டெக்டோகுவினோன் என்று கறையானுக்கு ஆகாத ஒரு பொருளும் இருக்கிறது. பெட்டி அப்படியே இருந்தது. மூடி மட்டும் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. குழி வெட்டுகிற பெரியவர் மண்வெட்டியை மேலே எறிந்துவிட்டுக் கடப்பாரை கேட்டார். "இது தோண்டுற வேலை இல்லப்பு, இடிக்கிற வேலை" என்றார். அவர் இடித்தபோதும் அந்த வாசனை வந்தது. பையன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அவன்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு நிலைத்த மரம் கொடுக்க நினைத்தான், இந்த ஊரில் வளர்ந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். என் கட்சி பெரியவர் பக்கம், அவ்வளவுதான்.

அந்தப் பையனுடைய ஆசை உலகத்துக்குப் புதிதும் அல்ல. எங்கள் தாத்தா ஒரு செட்டியார் கடைக்குச் சமையலாளாகப் பினாங்கு போனவர். அங்கே சீனர்களின் பெட்டிக் கடைகளைப் பார்த்ததைச் சொல்வார். ஒவ்வொரு பக்கத்துக்கும் பலகை அல்ல, முழு மரத்தைச் சரிபாதியாகப் பிளந்ததைப் போன்ற கனத்த கட்டை. வயதானவர்கள் உயிரோடு இருக்கும்போதே பெட்டியை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வார்களாம், ஆயுசு கூடும் என்று. சீனாவில் சூஜோவில் பிறக்க வேண்டும், ஹாங்ஜோவில் வாழ வேண்டும், குவாங்ஜோவில் சாப்பிட வேண்டும், லியூஜோவில் சாக வேண்டும் என்று ஒரு சொலவடையே உண்டு. லியூஜோவில் கிடைக்கும் பெட்டி மரம் அவ்வளவு பேர் போனது. எகிப்தில் பெரிய மரங்கள் குறைவு. உள்ளூர் அத்தி வகை மரத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்து, மரமுளை அடித்துப் பெட்டி செய்தார்கள். வசதியுள்ளவர்கள் லெபனானிலிருந்து கேதுரு மரம் வரவழைத்தார்கள். யோசேப்பை எகிப்தில் ஒரு பெட்டியில் வைத்தார்கள் என்பதோடுதான் தொடக்கநூல் முடிகிறது. என்ன மரம் என்று எழுதியவர் சொல்லவில்லை, எனக்கு அது ஒரு குறை.

இங்கிலாந்தில் 2022இல் ராணி எலிசபெத்தை வைத்தது ஓக் மரப் பெட்டி, உள்ளே ஈயத்தகடு. காற்றும் ஈரமும் புகாமல் உடல் நெடுங்காலம் இருக்க வேண்டும் என்பதற்கு அந்த ஈயம். எட்டு ராணுவ வீரர்கள் தூக்கியதை ஆசாரி டிவியில் பார்த்திருக்கிறார். வீரர்களின் கழுத்து நரம்பைப் பார்த்தே கனத்தைச் சொன்னார். அமெரிக்காவில் கென்னடியை மஹாகனியில் புதைத்தார்கள். அங்கே கடைகளில் வால்நட், செர்ரி, மேப்பிள், ஓக் என்று மாதிரித் துண்டுகளைக் காட்டி விலை சொல்கிறார்கள், கீழ்வரிசையில் பாப்லரும் பைனும். நாங்கள் எச்.டி. முத்திரையோடு எடைக்கு வாங்கும் அதே பைன்.

மாறாக நினைத்தவர்களும் உண்டு. யூதர்களின் பழைய வழக்கத்தில் பெட்டிக்கு இரும்பு ஆணிகூட ஆகாது. பாலிஷ் இல்லாத மென்மரம், மர முளை, சில இடங்களில் அடிப்பலகையில் துளை. மண் சீக்கிரம் வந்து சேரட்டும் என்பதற்காக. போப்பாண்டவர்களுக்குச் சைப்ரஸ், ஈயம், ஓக் என்று ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பெட்டி வைத்து வந்தார்கள். போப் பிரான்சிஸ் 2024இல் அதை மாற்றி, ஒரே மரப்பெட்டி, உள்ளே துத்தநாகத் தகடு என்று ஆக்கினார். 2025 ஏப்ரலில் அவரே அப்படித்தான் போனார். அந்த வாரம் எங்கள் மில்லில் அதுதான் பேச்சு. தகட்டையும் விட்டிருக்கலாம் என்பது ஆசாரியின் கருத்து. கானாவில் அக்ராவுக்குப் பக்கத்தில் டெஷி என்ற ஊரில் வாவா என்னும் லேசான மரத்தில் மீன், கோகோ காய், கார் என்று அவரவர் தொழிலுக்கேற்பப் பெட்டி செய்கிறார்களே, அந்தப் படங்களைப் போனில் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "மரம் நல்ல மரம். ஆனா மீனை எந்தப் பக்கம் புடிச்சுத் தூக்குறது?"

குழி வெட்டும் பெரியவரின் பெரிய குறை தேக்குகூட அல்ல. தேக்கு எப்போதோ ஒன்று. ரெக்ஸின்தான் அவர் பகை. உள்ளே மெத்தென்று இருக்கட்டும் என்று ஸ்பாஞ்சு வைத்து, அதன்மேல் ரெக்ஸினோ சாட்டினோ தைத்து விடுகிறார்கள். மரம் போய், உடல் போய், எல்லாம் மண்ணான பிறகும் அது மட்டும் சுருண்டு கிடக்கிறது. ஜிகினா வைத்த சிலுவை, பிளாஸ்டிக் பூ, நைலான் லேஸ், எல்லாம் நிறம்கூட மாறாமல் வருகிறது என்கிறார். நூறு வருஷம் நிற்பதற்குப் பர்மா வரை போக வேண்டியதில்லை போலிருக்கிறது.

இப்போது மலைவேம்பு வருகிறது. விவசாயிகள் வரப்பிலும் காட்டிலும் நட்டு, ஏழெட்டு வருஷத்தில் பிளைவுட் கம்பெனிக்குக் கொடுக்கிற மரம். பெரிய கட்டையெல்லாம் அங்கே போக, அவர்கள் கழித்த கட்டை எங்களுக்கு வருகிறது. லேசான ரோஸ் கலந்த வெள்ளை, கணு குறைவு, நேரான ரேகை. ஆசாரி முனையைத் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில் தலையாட்டிவிட்டார். காட்டு மரத்தை வெட்ட வேண்டியதில்லை, கனம் இல்லை, இருப்பு வைத்தாலும் மாவைப்போலச் சீக்கிரம் உளுக்கவில்லை. என்னிடம் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். கிடைக்காவிட்டால் காய்ந்த மாம்பலகை, அதுவும் இல்லாவிட்டால் எச்.டி. போட்ட பைன். உள்ளே பழைய பருத்தி வேட்டியோ சேலையோ விரித்தால் போதும், அவர் உடுத்தியதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். வார்னிஷ் ஒரு கை போதும்.

ஒரே ஒரு இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பக்கப் பலகை அரை இஞ்ச் இருக்கலாம், மூடி அரை இஞ்ச் இருக்கலாம், அடிப்பலகை முக்கால் இஞ்சுக்குக் குறையக் கூடாது. பக்கவாட்டிலிருந்து ஆணி அடித்து நிறுத்தாமல் கீழிருந்து ஸ்க்ரூ போடச் சொல்ல வேண்டும். பாரம் முழுக்க அங்கேதான். அடியில் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் குறுக்காக ஓர் இஞ்ச் கனத்தில் இரண்டு சட்டம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். அந்தச் சட்டம் பெட்டியைத் தரையிலிருந்து ஓர் இஞ்ச் தூக்கி நிறுத்தும். அது இருந்தால்தான் இறக்கிய பிறகு கயிற்றை உருவி எடுக்க முடியும். பல கடைகளில் இப்போது அந்தச் சட்டத்தை வைப்பதில்லை.